குங்குமப் பாக்கெட்டில் கோயில் பேர் இருக்கு, உள்ளே என்ன இருக்கு?

நீளமான பதிவு இது, பொறுமையா படிங்க. ஆடி மாசம் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு, நவராத்திரி வேலை இன்னும் ஆரம்பிக்கலை. அதனால இப்பவே எழுதிடறேன். தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுவில ரெண்டு வரியில சொல்லிப் பார்த்தேன். "தம்பி, கோயிலுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க"னு ஒரு பெரியவர் பதில் போட்டார். அவருக்குப் பத்து பேர் கும்பிடு போட்ட கை அனுப்பிட்டாங்க. நான் பேசினது அரசியல் இல்லைங்க. குங்குமத்தைப் பத்தி.

என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நான் ஸ்டோர் ரூம் ஆள். மேடையில, மைக்ல என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க. எண்ணெய் டின், கற்பூரம், ஊதுபத்தி, மஞ்சள் தூள், விபூதி, குங்குமம் இதெல்லாம் வந்தா இறக்கி வைக்கிறது, எண்ணிக் கொடுக்கிறது என் வேலை. குங்குமம் 20 கிலோ மூட்டையா வரும். அதைப் பிரிச்சு, சலிச்சு, சின்னக் கரண்டியால அள்ளி, கோயில் கோபுரப் படமும் பேரும் அச்சடிச்ச குட்டிப் பாக்கெட்ல போட்டு, ஸ்டேப்ளர் அடிப்போம். பக்கத்துத் தாமான் அக்காமார் நாலு பேரு, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க சில பேரு லீவு நாள்ல வந்து உதவி பண்ணுவாங்க. மறுநாள் பள்ளிக்கூடம் போறப்பவும் அந்தப் பிள்ளைங்க விரல் ரோஸ் கலர்லதான் இருக்கும். மூணு தடவை சோப்பு போட்டாலும் போகாது. என் வெள்ளை வேட்டியில விழுந்த கறை ஒரு வருஷம் ஆகியும் அப்படியே இருக்கு.

இந்த ஆடியில மூட்டையைப் பிரிக்கிறப்போ சும்மா அதுமேல எழுதியிருந்ததைப் படிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் படிச்சேன், வெட்கத்தோட சொல்றேன். பெரிய எழுத்துல ஒரு தெய்வத்தோட பேரு. கீழே "பூஜைக்கு மட்டும்". அவ்வளவுதான். என்னென்ன சேர்த்தாங்கன்னு இல்லை. எங்கே, எப்போ செஞ்சதுன்னு இல்லை. யார் செஞ்சதுன்னும் இல்லை. ஒரு பாக்கெட் உப்பு வாங்கினா அதுல இருக்கிற விவரம்கூட இதுல கிடையாது.

"பூஜைக்கு மட்டும்"னா என்ன அர்த்தம்? யோசிச்சுப் பாருங்க. நம்ம கோயில் திருவிளக்கு பூஜையை எடுத்துக்குவோம். 108 பெண்கள் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் குங்குமம். ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு சிட்டிகை எடுத்துப் போடணும். ஒரு மணி நேரம் அந்த விரல் குங்குமத்துக்குள்ளேயே இருக்கு. முடிஞ்சதும் நெற்றியில, வகிட்டுல, தாலியில வச்சுக்குவாங்க. மடியில இருக்கிற குழந்தைக்கும் ஒரு பொட்டு. அப்புறம் வரிசையில நின்னு சர்க்கரைப் பொங்கல் வாங்கி, அதே கையால சாப்பிடுவாங்க. குழாயடியில கூட்டம், யாரு போய் கை கழுவுறா? மிச்சக் குங்குமத்தைப் பிரசாதமா பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு போய், தினமும் வச்சுக்குவாங்க. வளைகாப்பு வைக்கிற வீட்டுக்காரங்க நம்மகிட்டதான் குங்குமம் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. இதுல எது பூஜை, எது மனுஷ உடம்பு? எந்த இடத்துல கோடு போடுவீங்க?

இப்போ ஈயத்துக்கு வர்றேன்.

குங்குமத்துக்குச் சிவப்பு வர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நம்ம பாட்டிமார் வழி. மஞ்சள், படிகாரம், வெங்காரம், எலுமிச்சைச் சாறு, இல்லைன்னா மஞ்சளோட சுண்ணாம்பு. மஞ்சள் தானா சிவப்பாகும். நாள் கணக்குல வேலை, காய வைக்கணும், இடிக்கணும், விலை ஜாஸ்தி. இன்னொண்ணு மாவு மாதிரி ஏதாவது ஒரு மலிவுத் தூளை எடுத்து, சாயத்தைக் கலந்துடறது. அந்தச் சாயம் துணிக்குப் போடற சாயமா இருக்கலாம், பெயின்ட்டுக்குப் போடற சிவப்பு ஈயமா இருக்கலாம். பளிச்சுனு இருக்கும், வெயில்ல வெளுக்காது, விலை குறைவு. கண்ணுக்கு ரெண்டாவதுதான் அழகா தெரியும். நாமளும் "நல்ல சிவப்பா அனுப்புங்க"னுதான் ஆர்டர் கொடுக்கிறோம். மங்கலா வந்தா பழசுன்னு திருப்பி அனுப்பறோம். இந்தக் குற்றத்துல எனக்கும் பங்கு இருக்கு.

அமெரிக்காவில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 118 சிந்தூர மாதிரிகளை எடுத்து ஈயம் இருக்கான்னு சோதிச்சாங்க. 95 மாதிரி நியூ ஜெர்சி கடைகள்ல வாங்கினது, 23 மும்பையிலயும் டில்லியிலயும் வாங்கினது. முடிவு 2017-ல வந்தது. அமெரிக்காவில வாங்கினதுல 83 சதவீதத்துலயும், இந்தியாவில வாங்கினதுல 78 சதவீதத்துலயும் ஈயம் இருந்தது. அங்கே அழகுசாதனச் சாயத்துக்கு அரசாங்கம் வச்சிருக்கிற வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த வரம்பைத் தாண்டினது அமெரிக்க மாதிரியில 19 சதவீதம், இந்திய மாதிரியில 43 சதவீதம். மூணு மாதிரியில ஈயம் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல. நல்லா கவனிங்க, மில்லிகிராம் இல்லை, கிராம். அதாவது வரம்பைப் போல 500 மடங்குக்கும் மேல.

இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் சொன்னாரு: "அது வடநாட்டு சிந்தூரம்யா. நம்ம குங்குமம் மஞ்சள்ல செய்யறது." அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. வடக்கே வகிட்டுல வைக்கிற சிந்தூரத்துல சிவப்பு ஈயம் சேர்க்கிற பழக்கம் ரொம்ப காலமா உண்டு. நம்ம குங்குமத்தோட அடிப்படை மஞ்சள்தான். சரி, ஒத்துக்கறேன். அப்போ நம்ம மூட்டையில இருக்கிறது மஞ்சள்தானா? அதை யார் பார்த்தாங்க? மூட்டையில எழுதலையே. ஆஞ்சநேயர் சந்நிதியில ஆரஞ்சு கலர்ல செந்தூரம் கொடுக்கிறோமே, அது எதுல செஞ்சது? அதையும் அதே சப்ளையர்கிட்டதான் வாங்கறோம்.

மஞ்சளே சுத்தம்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் முடியாது. பங்களாதேஷ்ல மஞ்சள் கிழங்கு பளபளன்னு இருக்கணும்னு ஈயக் குரோமேட்ங்கற மஞ்சள் பெயின்ட் பொடியைப் போட்டு உருட்டி மெருகேத்தினாங்க. ஈயம் ஒரு பக்கம், குரோமியம் ஒரு பக்கம். அந்த வகைக் குரோமியம் மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு சந்தேகமே இல்லாம உறுதியான பட்டியல்ல இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க சொன்னதும் அந்த அரசாங்கம் 2019-ல சந்தையில இறங்கினது. மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு அதை டிவியில காட்டினாங்க, நோட்டீஸ் ஒட்டினாங்க, கையடக்கக் கருவியை வச்சு அங்கேயே சோதிச்சாங்க. 2019-ல 47 சதவீத மாதிரியில ஈயம் இருந்தது. 2021-ல ஒண்ணுகூட இல்லை. மில் தொழிலாளர்களோட ரத்தத்துல இருந்த ஈயமும் இறங்கினது. பணக்கார நாடு இல்லைங்க அது. ரெண்டே வருஷம். கட்டுப்பாடு போட்டா ஒண்ணும் ஆகாது, எல்லாம் கண்துடைப்புன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் படிக்கணும்.

ஈயம் என்ன பண்ணும்னு சுருக்கமா சொல்லிடறேன். கர்ப்பிணிப் பெண்ணோட ரத்தத்துல இருக்கிற ஈயம் நச்சுக்கொடி வழியா நேரா குழந்தைக்குப் போகும். கரு கலையற ஆபத்தும் குறைமாசப் பிரசவம், எடைக் குறைவும் கூடும். ஆண்களுக்கு விந்தணு பாதிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது, பாதுகாப்பான அளவுன்னு எதையும் சொல்ல முடியாதுங்கறதுதான். இதுல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருந்த விஷயம் ஒண்ணு இருக்கு. உடம்புக்குள்ள போன ஈயம் எலும்புல போய்த் தங்கிடும், பல வருஷம் அங்கேயே இருக்கும். பெண் கர்ப்பமானதும், குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும்னு எலும்பு கரையறப்போ ஈயமும் சேர்ந்து வெளியே வரும். சின்ன வயசுல பாவாடை சட்டை போட்டுக்கிட்டு நம்ம ஸ்டோர் ரூம்ல குங்குமம் பொட்டலம் போட்ட பிள்ளை, இருபது வருஷம் கழிச்சு வளைகாப்புக்கு அதே கோயில்ல வந்து நிக்கும். புற்றுநோயைப் பத்திக் கேட்டா, உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2006-ல கனிம ஈயச் சேர்மங்களை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்"ங்கற பிரிவுல வச்சது. உறுதின்னு சொல்லலை, அநேகமாகன்னு சொல்லியிருக்கு. அதை மிகைப்படுத்தி நான் சொல்லப் போறதில்லை. குழந்தை விஷயத்துல மட்டும் அந்த "அநேகமாக" கிடையாது.

தோல் வழியா ஈயம் உள்ளே போறது ரொம்பக் குறைவு, அதையும் சொல்லிடணும். ஆபத்து தூள் மூச்சுல போறதுலயும், விரல் வாய்க்குப் போறதுலயும்தான். சலிக்கிறப்போ ஸ்டோர் ரூம்ல பறக்கிற தூளை நினைச்சுப் பாருங்க. நான் பதினோரு வருஷமா முகத்துல துண்டுகூடக் கட்டாம சலிச்சேன்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இங்கேதான் எனக்குக் கோபம் வருது.

மலேசியாவில அழகுசாதனப் பொருள்களுக்குச் சட்டம் இல்லாம இல்லை. 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கு. 2008-லேர்ந்து ஒவ்வொரு அழகுசாதனப் பொருளையும் விக்கிறதுக்கு முன்னாடி சுகாதார அமைச்சோட என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவிச்சு அறிவிப்பு எண் வாங்கணும். ஆசியான் நாடுகள் எல்லாம் சேர்ந்து போட்ட ஒரே விதி, சிங்கப்பூர்லயும் இதேதான். ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம், பாதரசத்துக்கு 1. மீறினா தனிமனுஷனுக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரைக்கும் அபராதமோ மூணு வருஷம் வரைக்கும் சிறையோ ரெண்டுமோ, நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம். முகம் வெளுக்கிற கிரீம்ல பாதரசம், ஹைட்ரோகுயினோன் இருக்குன்னு என்.பி.ஆர்.ஏ. அப்பப்போ பேர் போட்டுப் பட்டியல் வெளியிட்டு அறிவிப்பை ரத்து பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. பாராட்டணும்.

அப்போ குங்குமம் எங்கே மாட்டாம தப்பிக்குது? சட்டத்துல அழகுசாதனம்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. உடம்போட வெளிப்பகுதியில, அதாவது தோல், முடி, நகம், உதடு, அந்த மாதிரி இடத்துல, இல்லை பல்லுல, வாய்க்குள்ள போடறதுக்காகச் செஞ்சதா இருக்கணும். அதுவும் சுத்தம் பண்ண, வாசனைக்கு, தோற்றத்தை மாத்த இப்படிப்பட்ட நோக்கத்துக்காக இருக்கணும். "நோக்கம்"ங்கற அந்த ஒரு வார்த்தைதான் ஓட்டை. மூட்டையில "நெற்றிக்கு"னு எழுதினா அழகுசாதனம், அறிவிக்கணும், உள்ளே என்ன இருக்குன்னு சொல்லணும், மாட்டினா தண்டனை. "பூஜைக்கு மட்டும்"னு ரெண்டு வார்த்தை எழுதினா ஊதுபத்தி, பித்தளை விளக்கு ரகத்துல சேர்ந்துடும். அதே தூள். அதே லாரி. அதே நெற்றி. சோற்றுல விழுந்தாலும் அது உணவு இல்லை, நெற்றியில வச்சாலும் அது அழகுசாதனம் இல்லை. எந்த இலாகாவோட மேசைக்கும் வராது.

நான் வக்கீல் இல்லை. ஆனா சாதாரண அறிவுக்கு எட்டறதைச் சொல்றேன். மூட்டை செஞ்சவன் "பூஜைக்கு மட்டும்"னு எழுதினான், சரி. அதைப் பிரிச்சு, சின்னப் பாக்கெட்ல போட்டு, கோயில் பேரை அச்சடிச்சு, "நெற்றியில வச்சுக்கோங்கம்மா"னு கையில கொடுத்தது யாரு? நாமதான். நோக்கம் மாறின இடம் நம்ம ஸ்டோர் ரூம். அழகுசாதனப் பாக்கெட்ல சேர்மானம், தயாரிப்பாளர், தொகுதி எண் எல்லாம் இருக்கணும்னு விதி. நம்ம பாக்கெட்ல கோபுரம் மட்டும்தான் இருக்கு. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து கேட்டா, சப்ளையர் "நான் பூஜைக்குத்தான் வித்தேன்"னு தெளிவா சொல்லிட்டுப் போயிடுவான். நிர்வாகம் என்ன சொல்லும்?

சிலர் உடனே "இது நம்ம மதத்தைக் குறி வைக்கிற வேலை"னு ஆரம்பிப்பாங்க. ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. மசூதிக்குப் பக்கத்துல விக்கிற அத்தருக்கும் சுர்மாவுக்கும் ஏன் கேக்கலைன்னு ஒருத்தர் குரல் பதிவு போட்டிருந்தாரு. கண்ணுல போடற சுர்மாவிலயும் ஈயம் இருக்கிறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச பிரச்சினைதான், பல நாடுகள்ல தடுத்திருக்காங்க. அவங்க பிள்ளைங்களுக்காக அவங்க கேக்கட்டும், நான் கூட நின்னு கையெழுத்துப் போடறேன். நான் இந்தக் கோயில் தொண்டன், என் கண்ணு முன்னாடி இருக்கிறது இந்த மூட்டை. குங்குமம் வைக்காதீங்கன்னு நான் எங்கேயாவது சொன்னேனா? என் அம்மா சாகிற வரைக்கும் காசு அகலத்துக்குப் பொட்டு வச்சவங்க. பெயின்ட் கலந்ததை அம்பாள் காலடியில கொண்டு போய்க் கொட்டி, அதை எடுத்துப் பெண்களுக்குக் கொடுக்கிறதுதான் நம்ம சம்பிரதாயத்துக்கு அவமானம்.

இன்னொரு வாதம்: "அரசாங்கம் பார்த்துக்கும், ஆபத்துன்னா தடை பண்ணியிருக்க மாட்டாங்களா?" இதைக் கேட்டா எனக்கு எங்க அத்தை ஞாபகம்தான் வரும். ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டினவங்க, அப்புறம் செம்பனைக்கு மாத்தினதும் மருந்து அடிக்கிற வேலைக்குப் போனாங்க. முதுகுல தோம்பு, காலுல ரப்பர் சிலிப்பர், மூக்குல பழைய துண்டு. அடிச்சது பாராகுவாட். அது புற்றுநோய்க் கணக்குல வராத வேறு ஒரு விஷம், கொஞ்சம் உள்ளே போனாலே நுரையீரலைத் தின்னுடும், இன்னைக்கும் மாத்து மருந்து கிடையாது. நகம் உதிரும், மூக்குல ரத்தம் வரும். தோட்டத்துல அந்த வேலையில இருந்தவங்கள்ல நம்ம தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். ஐரீன் பெர்னாண்டஸ் அம்மாவோட தெனகனித்தா அமைப்பு அவங்களை நேர்ல பார்த்துப் பேசி 2002-ல அறிக்கை போட்டது. அதே வருஷம் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியா நிறுத்தறதா அறிவிச்சது. 2006-ல தடையைத் தளர்த்திட்டாங்க. தோட்டக்காரங்களுக்குச் செலவு கூடுதுன்னு ஒரே பேச்சு. கடைசியில முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1. பதினெட்டு வருஷம். இந்தப் பதினெட்டு வருஷமும் அரசாங்கம் பார்த்துக்கும்னு நம்பினவங்க தோம்பைத் தூக்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க. அத்தை தடையைப் பார்க்க இல்லை.

அதனால அரசாங்கத்துக்கிட்ட கேக்கவும் வேணும், அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கவும் கூடாது. கேக்கறதுன்னா என்ன கேக்கறது? ரொம்பச் சின்னது. குங்குமம், செந்தூரம், பூசற மஞ்சள், சந்தனம், விபூதி, இதெல்லாம் மனுஷத் தோல்ல படற பொருள், லேபிள்ல என்ன எழுதியிருந்தாலும் சரின்னு என்.பி.ஆர்.ஏ. ஒரு சுற்றறிக்கை விடணும். புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். எந்த நோக்கத்துக்குன்னு வியாபாரி எழுதறதை வச்சு முடிவு பண்ணாம, ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணணும். துறைமுகத்துலயும் பூஜைச் சாமான் கடையிலயும் மாதிரி எடுத்துச் சோதிச்சு, முகக் கிரீமுக்குப் போடற மாதிரி பேர் போட்டு வெளியிடணும். தீபாவளி, தைப்பூசத்துக்கு முன்னாடி வெளியிட்டா இன்னும் நல்லது. சங்கங்கள் எத்தனை வச்சிருக்கோம், எல்லாருமா சேர்ந்து ஒரு கடிதம் எழுத முடியாதா? மேடையில மாலை போட அமைச்சரைக் கூப்பிடத் தெரியுது.

அறிவிப்பு எண் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னும் நான் சொல்ல வரலை. அந்த எண்ணை அரசாங்கம் சோதிச்சுப் பார்த்துக் கொடுக்கிறது இல்லை. நிறுவனம் "நான் விதிப்படி செஞ்சிருக்கேன்"னு உறுதி சொல்லி வாங்கறது. அப்புறம்தான் சந்தையிலேர்ந்து மாதிரி எடுத்துப் பார்ப்பாங்க. ஆனா அந்த எண் இருந்தா யாரைப் பிடிக்கணும்னு ஒரு பேரும் முகவரியும் இருக்கும். இப்போ நம்ம மூட்டையில அதுகூட இல்லை.

இப்போ நம்ம வீட்டுக் கதை. போன மாசம் நிர்வாகக் கூட்டத்துல நான் கேட்டது மூணு. இருக்கிற குங்குமம், செந்தூரம், மஞ்சள் தூள் மூணுலயும் ஒவ்வொரு மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கன உலோகச் சோதனை செய்யணும். இனிமே வாங்கறப்போ சேர்மானமும் சோதனைச் சான்றிதழும் கொடுக்கிற சப்ளையர்கிட்ட மட்டும் வாங்கணும். முடிவு வர்ற வரைக்கும் பொட்டலம் போடற வேலைக்குப் பிள்ளைங்களையும் கர்ப்பிணிகளையும் சேர்க்கக் கூடாது. கிடைச்ச பதில்: "முப்பது வருஷமா இவங்ககிட்டதான் வாங்கறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை." ஒண்ணும் ஆகலைன்னு எப்படித் தெரியும் ஐயா? ஈயம் தேள் மாதிரி கொட்டிக் காட்டாது. கரு கலைஞ்ச பெண் ஆஸ்பத்திரிக்குப் போவாளே தவிர, நம்ம அலுவலகத்துக்கு வந்து புகார் கொடுப்பாளா? பையனுக்குப் படிப்பு ஏறலைன்னா வாத்தியாரைத் திட்டுவோம், இல்லை ஜாதகம் பார்ப்போம். குங்குமத்தை யாரு சந்தேகப்படுவா?

அடுத்தது செலவு. மூணு மாதிரிக்கு ஆய்வுக்கூடத்துல விலை கேட்டு எழுதிக் கொண்டு போயிருந்தேன். வாசல்ல போட்ட வண்ண விளக்கு வளைவுக்கு நாம கொடுத்ததுல அது ஒரு துண்டு. பொருளாளர் காகிதத்தைப் பார்த்தாரு, மடிச்சாரு, "அடுத்த கூட்டத்துல பேசலாம்"னாரு. உபயகாரங்க யாராவது ஏத்துக்கிட்டா செய்யலாம்னு இன்னொருத்தர் சொன்னாரு. சோதனைக்கு உபயம் யாரு கட்டுவா, பேர்ப் பலகை வைக்க முடியாதே!

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன், யாரும் திரிச்சுப் பரப்ப வேண்டாம். நம்ம கோயில் குங்குமத்துல ஈயம் இருக்குன்னு நான் குற்றம் சாட்டலை. சுத்தமா இருந்தா என்னைவிடச் சந்தோஷப்படறவன் யாரும் இல்லை, முடிவைப் பெரிசா அச்சடிச்சு அர்ச்சனை கவுண்டர்ல நானே ஒட்டுவேன். ஒரு தடவைகூடச் சோதிக்காம, என்னன்னு தெரியாத தூளை நம்ம பேர்ல கொடுத்துக்கிட்டு இருக்கோம். என் குற்றச்சாட்டு அதுதான், அதுல முதல் பேரு என் பேரு.

வீட்டுல செய்யக் கூடியதையும் கேட்டிருந்தீங்க. எலுமிச்சை பிழிஞ்சு பார்க்கிறது, தண்ணியில கரைச்சுப் பார்க்கிறது, இப்படி வாட்ஸ்அப்ல வர்ற சோதனை எதையும் நம்பாதீங்க. சாயம் கலந்திருக்கான்னு அதுல ஏதாவது தெரியலாம், ஈயம் தெரியவே தெரியாது. ஆய்வுக்கூடம் ஒண்ணுதான் வழி. கடையில வாங்கறதா இருந்தா என்.பி.ஆர்.ஏ. இணையப் பக்கத்துல பொருளோட பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க. சேர்மானம் எழுதாத பாக்கெட்டை, எவ்வளவு மலிவா இருந்தாலும், பிள்ளைங்க கைக்குக் கொடுக்காதீங்க. குங்கும அர்ச்சனை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுப் பிரசாதம் வாங்குங்க. அடுத்த திருவிளக்கு பூஜைக்கு மண்டப வாசல்ல ரெண்டு வாளி தண்ணியும் சோப்பும் வைக்கிறேன், அதுக்கு எந்தக் கமிட்டி அனுமதியும் தேவை இல்லை. கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்கணும்னா கொஞ்ச நாளைக்கு நம்ம பாக்கெட் வேண்டாம். வேற என்ன சொல்றது, சொல்ல எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு.

மூணு அக்காமார், பாட்டிமுறையில நம்ம மடப்பள்ளியிலேயே குங்குமம் செஞ்சு தர்றோம்னு முன்வந்திருக்காங்க. மனசு குளிர்ந்துச்சு. ஆனா அதுக்கும் மஞ்சளைச் சோதிச்சு வாங்கணும், கிழங்கா வாங்கினாலும் மெருகு போட்ட கிழங்கு வேண்டாம். கலர் இப்போ இருக்கிற மாதிரி பளிச்சுனு இருக்காது, கொஞ்சம் மங்கலா, கருஞ்சிவப்பா இருக்கும். அப்போ "என்னப்பா குங்குமம் பழசா?"னு கவுண்டர்ல வந்து சத்தம் போடாதீங்க.

நம்ம கோயில் ஆண்டுக் கூட்டம் வர்ற ஞாயிறு காலை 10 மணிக்கு, கல்யாண மண்டபத்துல. சந்தா கட்டின உறுப்பினர் யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம், அது நம்ம சங்க விதியிலேயே இருக்கு. போன வருஷம் 31 பேர்தான் வந்தீங்க, அதுல பாதிப் பேரு பசியாறிட்டுக் கிளம்பிட்டீங்க. நவராத்திரிக்கான மூட்டை ஆர்டர் அதுக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை போகுது. சோதனைத் தீர்மானத்தை நான் முன்மொழியறேன். வழிமொழிய ஒரு கை வேணும். பெண்கள் யாராவது வழிமொழிஞ்சா ரொம்ப நல்லது. பசியாறலுக்கு இட்லி, சாம்பார், 9 மணிக்கே தயாரா இருக்கும்.